காற்றிடம் பாடம் கேட்ட பாய்லர்காரர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

விமானம் என்றாலே நமக்கெல்லாம் ரைட் சகோதரர்கள்தான். 1903, டிசம்பர் 17, கிட்டி ஹாக். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். அந்தச் சகோதரர்கள் யாரைப் படித்துவிட்டு இந்த வேலையில் இறங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். அவர் பெயர் ஓட்டோ லிலியந்தால். ஜெர்மனிக்காரர். நம்மைப் போலவே தொழிற்பள்ளியில் படித்து, ஒர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸ் பட்டு, பிறகு பாய்லர் செய்து விற்றுப் பிழைத்தவர். மிச்ச நேரத்தில் பறந்தவர்.

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஏதாவது ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை என்றால் நல்லது என்று மலர்க் குழுவினர் சொன்னதும் எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது. காரணம் இருக்கிறது. நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பேர் தெர்மோகோல் விமானத்தை வைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ரிமோட்டில் விமானம் விடப் பழகுவதற்கு இந்த ஊரைவிட மோசமான ஊர் கிடையாது என்று முதலில் நினைத்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு முன்னால் ஒன்றும் நிற்காது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? வைகாசி பிறந்துவிட்டால் போதும், மைதானத்தில் பேப்பர் நிற்காது, தொப்பி நிற்காது, விமானம் எப்படி நிற்கும்? காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தால் புரட்டாசிதான். அதற்குள் செமஸ்டர் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் லிலியந்தாலைப் பற்றி நூலகத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காற்று இல்லாத இடத்தைத் தேடி அவர் ஓடவில்லை. காற்று அடிக்கும் மேட்டைத் தேடித்தான் போனார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1848, மே 23 அன்று ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கடலுக்குச் சற்றுத் தள்ளி, அன்க்லாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். தம்பி குஸ்டாவ், ஒரு வருடம் இளையவர். இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பேச முடியாது. ஊரைச் சுற்றிப் புல்வெளி. அங்கே செங்கால் நாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். பையன்கள் இருவரும் புல்லில் படுத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். எல்லாப் பிள்ளைகளும்தான் பறவையைப் பார்க்கிறார்கள், இதில் என்ன? இவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நாரை எழும்பும்போது காற்றுக்கு முதுகு காட்டி எழும்புவதில்லை. எதிர்த்துத்தான் எழும்புகிறது. காற்றுப் போகிற பக்கமே போனால் சுலபமாக இருக்குமே, ஏன் இந்த வீம்பு என்று யோசித்தார்கள். பிற்காலத்தில் லிலியந்தால் செய்த அத்தனைக்கும் விதை அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

1861-இல் தகப்பனார் இறந்துபோனார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்தார். படிப்பை நிறுத்தவில்லை, பையன்களின் கிறுக்குத்தனத்தையும் தடுக்கவில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் மரப்பட்டைகளை வைத்து இறக்கை செய்து, கையில் கட்டிக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கி ஓடிப் பார்த்தார்கள். அதையும் ராத்திரியில்தான் செய்தார்கள். பகலில் செய்தால் பள்ளிக்கூடத்துப் பசங்க கேலி செய்வார்கள் அல்லவா! பறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு போட்ஸ்டாம் நகரில் உள்ள தொழிற்பள்ளியில் சேர்ந்தார். ஏறக்குறைய நம் பாலிடெக்னிக் மாதிரி. அது முடிந்ததும் பெர்லினில் ஷ்வார்ட்ஸ்கோஃப் என்ற இயந்திரத் தொழிற்சாலையில் அப்ரன்டிஸ். கையில் காசு இல்லை. தனி அறை எடுக்க முடியாமல், வண்டிக்காரர்களோடு ஒரே படுக்கையை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். ஹாஸ்டல் மெஸ் பற்றிப் புலம்பும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். 1867 முதல் 1870 வரை பெர்லின் தொழில் அகாடமியில் மேற்படிப்பு. படித்து முடிக்கவும் பிரான்சோடு போர் வரவும் சரியாக இருந்தது. போர்முனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

வந்ததும் வேலை தேடினார், கிடைத்தது. சுரங்கத்துக்கு ஒரு இயந்திரம் கண்டுபிடித்தார். அந்த வேலையாகப் போன சுரங்கப் பகுதியில்தான் ஆக்னஸ் ஃபிஷர் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1878-இல் கல்யாணம். நான்கு பிள்ளைகள். தம்பியோடு சேர்ந்து குழந்தைகள் விளையாடுவதற்கான கல் கட்டைகளைக் கண்டுபிடித்து, அதன் உரிமையைச் சொற்பப் பணத்துக்கு ஒரு வியாபாரியிடம் விற்றார்கள். அவர் அதை உலகமெங்கும் விற்றுச் சம்பாதித்துவிட்டார். இவர்கள் மறுபடி அதே போல் ஒன்று செய்யப் போய், வழக்கு வந்து, அதிலும் தோற்று... அதை விடுங்கள். கடைசியில் குடும்பத்துக்குச் சோறு போட்டது பாய்லர்தான். வளைந்து வளைந்து போகும் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு ஆவியாக்கும் ஒரு சிறு பாய்லர். அந்தக் காலத்துப் பெரிய பாய்லர்கள் வெடித்து ஆட்களைக் கொன்றன. இதில் ஒரு நேரத்தில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம் என்பதால் அந்தப் பயம் குறைவு. சிறு பட்டறைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 1883-இல் பெர்லினில் சொந்தத் தொழிற்சாலை. 1890 முதல் லாபத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொழிலாளர்களுக்கே கொடுத்தார். இப்போதே எத்தனை முதலாளிகள் கொடுப்பார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்!

இனி பறக்கும் கதைக்கு வருவோம்.

மற்றவர்களிடமிருந்து லிலியந்தால் வேறுபட்டது இங்கேதான். அந்தக் காலத்தில் பறக்க ஆசைப்பட்டவர்கள் முதலில் ஒரு பெரிய இயந்திரத்தைக் கட்டுவார்கள், பிறகு அதில் ஏறி விழுவார்கள். இவர் முதலில் அளந்தார். 1870-களில் தம்பியோடு சேர்ந்து, சுழலும் ஒரு கையின் நுனியில் சிறு பலகைகளைப் பொருத்தி, அதைச் சுற்றவிட்டு, காற்று எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னால் இழுக்கிறது என்று கோணம் கோணமாக மாற்றிக் குறித்தார். பிறகு திறந்த வெளிக்குப் போய் நிஜக் காற்றில் பிடித்துப் பார்த்தார். தட்டைப் பலகையைவிட லேசாக வளைந்த பரப்பு மிக நன்றாகத் தூக்குகிறது என்பதை எண்களால் காட்டினார். பறவையின் இறக்கை வளைந்திருப்பது அழகுக்காக இல்லை! இதையெல்லாம் சேர்த்து 1889-இல் பறவையின் பறத்தலை அடிப்படையாகக் கொண்ட பறக்கும் கலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 41. அதுவரை ஒரு தடவைகூடப் பறந்ததில்லை.

நம்மில் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்போம். புத்தகம் போட்டாயிற்று, பெயர் வந்தாயிற்று. பரப்பு தூக்கும் என்பதைக் கணக்கு சொல்லிவிட்டது. ஆனால் காற்று ஆளைப் புரட்டும்போது என்ன செய்வது என்பதை எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அதற்கு உடம்பே பழக வேண்டும் என்று முடிவு செய்தார். சைக்கிள் ஓட்டுவதைப் புத்தகத்தில் படிக்க முடியுமா?

பழகிய விதத்தைப் பாருங்கள். முதலில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலகை மேடை. அதிலிருந்து இறக்கையோடு குதிப்பது. உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. 1891-இல் பெர்லினுக்கு மேற்கே டெர்விட்ஸ் கிராமத்துப் பக்கம் ஒரு சிறு மேடு. அங்கே சுமார் 25 மீட்டர் தூரம் பறந்தார். நம் டிராயிங் ஹாலின் நீளம்கூட வராது! அடுத்த வருடம் வேறு மேடு, இன்னும் கொஞ்சம் தூரம். 1893-இல் ஸ்டெக்லிட்ஸ் என்ற இடத்தில் ஒரு கொட்டகை கட்டி, அதன் கூரையிலிருந்து பாய்ந்தார். அதே வருடம் ரைனோ குன்றுகளுக்குப் போனார். அங்கே 250 மீட்டர். இரண்டு வருடத்தில் பத்து மடங்கு. அவசரமே கிடையாது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருடைய வழக்கமான கிளைடரின் எடை சுமார் 20 கிலோ. அவர் எடை சுமார் 80. மொத்தம் 100 கிலோ. இறக்கைப் பரப்பு 13 சதுர மீட்டர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வரும் லிஃப்ட் சூத்திரத்தில் போட்டால், நொடிக்கு ஏறக்குறைய 10, 11 மீட்டர் வேகத்தில் காற்று இறக்கையைத் தொட்டால்தான் அந்த எடையைத் தூக்கும். முதுகில் இறக்கையோடு ஒரு மனிதன் நொடிக்கு 11 மீட்டர் ஓட முடியுமா? ஒலிம்பிக் ஓட்டக்காரராலேயே ஆகாது. ஆனால் எதிரே நொடிக்கு 6 மீட்டர் காற்று வந்தால்? 5 மீட்டர் ஓடினால் போதும். மேட்டிலிருந்து இறங்கி ஓடும்போது அது எட்டக்கூடிய வேகம்தான். காற்று இல்லாமல் அவர் தரையை விட்டே எழுந்திருக்க முடியாது! நாரையின் வீம்புக்கு அர்த்தம் இப்போது புரிகிறதா?

நம் மைதானத்திலும் இதே கதைதான். எங்கள் தெர்மோகோல் விமானத்தைக் காற்றை எதிர்த்து எறிந்தால் கையை விட்டதும் தூக்கிக்கொள்கிறது. முதுகுக் காற்றில் எறிந்தால் மூக்கால் புழுதியைக் கிளறுகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் ஏமாறுகிற இன்னொரு இடமும் உண்டு. எதிர்க்காற்றில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருக்கும் விமானத்தைத் திருப்பிக் காற்றோடு விட்டதும் அது பாய்ந்து ஓடுவது போலத் தெரியும். ஐயோ, ரொம்ப வேகம் என்று ஸ்டிக்கை இழுத்து மூக்கைத் தூக்குவார்கள், திராட்டிலைக் குறைப்பார்கள். ஆனால் வேகமாக ஓடுவது தரையை வைத்துப் பார்க்கும்போதுதான். இறக்கைக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள வேகம் அதே பழைய வேகம்தான். அதையும் குறைத்துவிட்டால் விமானம் ஸ்டால் ஆகிக் கல் மாதிரி விழும். தரையைப் பார்த்து ஓட்டாதே, இறக்கையைப் பார்த்து ஓட்டு என்று எங்கள் சீனியர் ஒருவர் ஓயாமல் சொல்வார். லிலியந்தாலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காற்றின் வேகத்தை அவர் முகமே சொல்லிவிடும். நாம் தரையில் நிற்பதால் நமக்கு அந்த வசதி கிடையாது.

அவர் கிளைடரை எப்படி ஓட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டிக் கிடையாது, எலிவேட்டர், எய்லரான் எதுவும் கிடையாது. வில்லோ மரக் குச்சிகளால் ஆன சட்டம், மேலே பருத்தித் துணி. அந்தச் சட்டத்துக்குள் முழங்கைகளை நுழைத்துக்கொண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி பறப்பார். மூக்கு மேலே போனால் கால்களை முன்னால் வீசுவார். கீழே போனால் பின்னால். வலது இறக்கை தூக்கிக்கொண்டால் கால்களை வலது பக்கம். உடம்பின் எடையே ஸ்டியரிங்.

இதில் ஒரு வேடிக்கை. இடது பக்கம் சரியும்போது மனிதனின் கால் தன்னாலேயே இடது பக்கம் நீளும். விழப் போகிறோம், ஊன்றிக்கொள்வோம் என்று உடம்பு நினைக்கும். ஆனால் அப்படிச் செய்தால் தாழ்ந்த இறக்கை இன்னும் தாழும்! உயர்ந்த இறக்கையின் பக்கம்தான் காலை வீச வேண்டும். உடம்பின் சுபாவத்துக்கு நேர் எதிர். இதைத் தாழ்வான மேடுகளில் நூற்றுக்கணக்கான தடவை செய்து செய்து பழக்கமாக்கிக்கொண்டார். ரிமோட்டிலும் இதே மாதிரி ஒரு கண்டம் உண்டு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும். அப்போது காற்று ஒரு இறக்கையைத் தட்டினால் கை குழம்பிப்போகும். அதற்கு ஒரு குறுக்கு வழி: எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, தூக்கி நிறுத்திவிடும். அவருக்கு உயர்ந்த பக்கம், நமக்குத் தாழ்ந்த பக்கம். ஆனால் பழகும் வழி ஒன்றேதான். யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, கையோ காலோ தானாகப் போக வேண்டும்.

1894-இல் பெர்லினுக்கு அருகே லிக்டர்ஃபெல்டில் அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தனக்கென்று ஒரு குன்றையே கட்டிக்கொண்டார்! செங்கல் சூளைக் கழிவு மண்ணைக் குவித்து 15 மீட்டர் உயரம். உச்சியில் கிளைடர்களை வைக்க ஒரு கொட்டகை. குன்றின் வடிவத்தைக் கவனியுங்கள்: கூம்பு. ஏன் கூம்பு? காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அதை எதிர்த்து இறங்கி ஓடலாம். இன்றைக்கு மேல்காற்று, போய்விட்டு நாளைக்கு வா என்று சொல்ல வேண்டியதே இல்லை. பெரிய பெரிய சூத்திரங்களைவிட இந்த மாதிரி ஒரு எளிய யோசனையில்தான் நல்ல இன்ஜினியர் தெரிவார் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லின் ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். போட்டோக்காரர்கள் வந்தார்கள். மனிதன் பறக்கும் தெளிவான படங்கள் பத்திரிகைகளில் வந்தது அப்போதுதான் முதல் தடவை. அந்தப் படங்கள் அமெரிக்கா வரை போயின. ஒரே மாதிரிக் கிளைடர்களைத் தன் பாய்லர் தொழிற்சாலையிலேயே செய்து விற்கவும் செய்தார். விலை 500 மார்க். மாஸ்கோவிலிருந்து ஷுகோவ்ஸ்கி ஒன்று வாங்கினார். ரஷ்யாவில் விமான இயலுக்கு அடிகோலியவர் அவர். இங்கிலாந்தின் பெர்சி பில்சர் ஒன்று வாங்கினார்.

காற்றை முழுக்க வசப்படுத்திவிட்டாரா? அதுதான் இல்லை. மெல்லிய காற்றில் நன்றாகப் பறந்தார். வலுத்த காற்றில் இறக்கை அகலமாக இருந்தால் உடம்பைச் சாய்த்து நிமிர்த்த முடியவில்லை. சின்ன இறக்கை போட்டாலோ தூக்காது. என்ன செய்தார் தெரியுமா? 1895-இல் இறக்கையை இரண்டு அடுக்காக்கினார். அகலம் குறைந்தது, பரப்பு குறையவில்லை. அந்த இரட்டை அடுக்குக் கிளைடரில் நொடிக்கு 10 மீட்டர் காற்றில் இறங்கினார். நம் கணக்கில் மணிக்கு 36 கிலோமீட்டர். சில சமயம் ஓடவே வேண்டியிருக்கவில்லை. காற்றே குன்றின் உச்சியிலிருந்து தூக்கிக்கொண்டது. புறப்பட்ட இடத்தைவிட உயரமாகப் போனார். முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அந்தரத்தில் அப்படியே நின்று, கீழே நிற்கும் போட்டோக்காரரோடு பேசியும் இருக்கிறார். ஆனி மாதத்தில் நம் மைதானத்துக்கு மேலே எங்கள் விமானம் புரொப்பல்லர் சுற்றச் சுற்ற நகராமல் தொங்குமே, சில நாள் பின்னாலேயே வருமே, அதேதான். வேடிக்கை பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உள்ளே ஒரு ஆள் தொங்கினால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இறக்கையை அடித்துப் பறக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அவர் கடைசி வரை விடவில்லை. சிறு எஞ்சின் ஒன்றை வைத்து இறக்கை நுனிகளை அடிக்கும் கிளைடர் செய்து பார்த்தார், சரிவரவில்லை. பறவையை அவ்வளவு உற்றுப் பார்த்தவருக்குப் பறவையை விட்டு விலகத் தெரியவில்லை. உடம்பை ஆட்டி ஓட்டுவதற்குப் பதிலாக ஒரு சுக்கானோ மடக்கோ வைத்து ஓட்டலாம் என்ற எண்ணமும் தாமதமாகத்தான் வந்தது. 1895-இல் இறக்கையின் முன்விளிம்பில் அசையும் பகுதிகளை வைத்துச் சோதனை செய்தார். அந்த வழியில் இன்னும் இரண்டு வருடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

காற்று ஏன் இவ்வளவு ஆபத்து? லிஃப்ட் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 10 மீட்டரில் 100 கிலோ தூக்கும் இறக்கை, திடீரென்று ஒரு வீச்சு வந்து 12 மீட்டர் ஆனால் 144 கிலோ தூக்கும். அந்த வீச்சு நின்று 8 ஆனால் வெறும் 64. ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் இந்த ஏற்ற இறக்கம். நம் மைதானத்தில் மதிய நேரத்தில் விமானம் விடக் கூடாது என்று வைத்திருக்கிறோமே, அதற்கும் காரணம் இதுதான். வெயில் ஏறியதும் சூடான தரையிலிருந்து காற்று கொத்துக் கொத்தாக மேலே கிளம்பும். காலை ஆறரை மணிக் காற்று பலமாக இருந்தாலும் ஒழுங்காக இருக்கும். மதியக் காற்று அப்படியில்லை.

1894-இலேயே ஒரு தடவை அவர் தலைகுப்புற விழுந்தார். கிளைடரின் முன்னால் வில் மாதிரி வளைத்துக் கட்டிய ஒரு வில்லோ வளையம் இருந்தது. அது சுக்குநூறாக உடைந்தது, அவர் பிழைத்தார். இன்றைய காரின் பம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1896, ஆகஸ்ட் 9. ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோல்ன் கிராமத்தில் உள்ள கோலன்பெர்க் குன்று. நல்ல வெயில். உதவியாளர் பால் பைலிஷ் கூட இருந்தார். முதல் சில பறத்தல்கள் நன்றாகவே போயின, 250 மீட்டர் வரை. பிறகு இன்னொரு தடவை இறங்கி ஓடி எழுந்தார். நடுவானில் கிளைடர் நின்றுவிட்டது போலிருந்தது. மூக்கு தூக்கியது. அவர் கால்களை முன்னால் வீசினார். ஐந்து வருடப் பழக்கம், கால்கள் சரியான பக்கம்தான் போயின. ஆனால் இறக்கையின் மேல் காற்றோட்டம் அறுந்துவிட்ட பிறகு கால்கள் என்ன செய்யும்? கிளைடர் தலைகீழாகத் திரும்பி சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதியது. அந்த வில்லோ வளையம் அன்று அந்தக் கிளைடரில் இல்லை.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. குதிரை வண்டியில் ஊருக்குள் கொண்டுவந்து, மறுநாள் ரயிலில் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் ஆகஸ்ட் 10 அன்று இறந்தார். வயது 48.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சாவைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள். தியாகி, பலி என்றெல்லாம். எனக்கு அது பிடிப்பதில்லை. 1891 முதல் 1896 வரை சுமார் 2000 தடவை பறந்து, சுமார் 2000 தடவை காலால் தரையில் இறங்கிய மனிதர் அவர். அந்த எண்தான் என்னைத் தொடுகிறது. இதில் ஒரு பரிதாபமும் உண்டு. ஒவ்வொரு பறத்தலும் சில நொடிகள்தான். ஐந்து வருடத்தில் அவர் அந்தரத்தில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான் வரும் என்று பின்னால் வில்பர் ரைட் கணக்குப் போட்டார். ஐந்தே மணி நேரம்! நாம் நான்கு பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கொண்டு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் அவ்வளவு நேரம் ஸ்டிக்கைப் பிடித்துவிடலாம். விழுந்தால் போவது தெர்மோகோல் ஷீட்டும் ஃபெவிகாலும்தான். எலும்பு போகாது.

சாவுச் செய்தி பத்திரிகைகளில் வந்தது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் அதைப் படித்தார். அப்போது தம்பி ஆர்வில் டைஃபாய்டு காய்ச்சலில் படுத்திருந்தார். சின்ன வயதில் பறப்பது பற்றி இருந்த ஆசை அங்கேதான் மறுபடி கிளம்பியது. அவர்களும் காற்று அடிக்கும் இடமாகத் தேடிக் கிட்டி ஹாக் மணல் மேட்டுக்குப் போனார்கள். முதலில் லிலியந்தாலின் அட்டவணையை வைத்துத்தான் இறக்கை செய்தார்கள். 1901-இல் எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை என்றதும், சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் கட்டி அளந்தார்கள். உடம்பை ஆட்டி ஓட்டுவதை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். இறக்கையை முறுக்கித் திருப்புவது, முன்னால் எலிவேட்டர் என்று போனார்கள். லிலியந்தால் நிறுத்திய இடம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கிளைடர் வாங்கிய பெர்சி பில்சருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1899-இல் அவரும் தன் கிளைடரில் விழுந்து இறந்தார்.

120 வருடம் கழித்து, 2016-இல், ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தார் லிலியந்தாலின் கிளைடரைப் போலவே ஒன்றை வில்லோக் குச்சியும் பருத்தித் துணியும் வைத்துச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வடிவமைப்பில் கோளாறு இருந்திருக்கும் என்றுதான் பல பேர் அதுவரை நினைத்திருந்தார்கள். இல்லை, அது நிலையாகப் பறக்கக்கூடிய கிளைடர்தான் என்று தெரிந்தது. மதிய வெயிலில் கிளம்பிய ஒரு காற்றுக் கொத்துதான் அவரை வீழ்த்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

லிக்டர்ஃபெல்டில் அவர் கட்டிய கூம்புக் குன்று 1932-இல் நினைவுச் சின்னமாக்கப்பட்டது. பெர்லினின் டெகல் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருந்தார்கள், 2020-இல் அதை மூடிவிட்டார்கள். ஸ்டோல்னில் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1989, அக்டோபர் 23 அன்று கிழக்கு ஜெர்மனியின் விமானக் கம்பெனி தன் பழைய இல்யூஷின்-62 பயணிகள் விமானம் ஒன்றை அங்கே கொண்டுவந்து இறக்கியது. நான்கு ஜெட் எஞ்சின் உள்ள பெரிய விமானம். ஓடுதளம் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள வெறும் புல்தரை, பக்கத்திலேயே கோலன்பெர்க் குன்று. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து பத்திரமாக நின்றுவிட்டது. மறுபடி அது எழும்பவில்லை. குன்றின் அடிவாரத்திலேயே மியூசியமாக நிற்கிறது, உள்ளே பதிவுத் திருமணமும் நடத்துகிறார்கள். அதற்கு வைத்த பெயர் லேடி ஆக்னஸ். நான்கு பிள்ளைகளோடு லிலியந்தால் விட்டுப்போன மனைவியின் பெயர்.